மிதிக்காத கிளட்ச்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டார். "கவிதையா?" என்றேன். "கவிதைதான் கட்டுக் கட்டா வந்து கிடக்கே! நீ ஆட்டோமொபைல்தானே, உருப்படியா ஒண்ணு எழுது" என்றார். ஆகவே நிலவும் காதலும் தேடி வந்தவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடவும். காரில் இருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் என்ற வசதியைப் பற்றியும், அது வேலை செய்யாதபோது ஸ்கேன் டூல் காட்டும் விவரங்களைப் படிப்பது எப்படி என்பது பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதற்குள் ஒரு மனிதரின் மாதச் சம்பளமும் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்க ஊரும் இந்த வசதியும்

என் ஊர் கொட்டச்சேடு. ஏற்காட்டுக்குப் பாதை என்றால் எல்லோருக்கும் தெரிந்தது அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பெரிய பாதைதான். குப்பனூர் பக்கமிருந்து ஏறுகிற இன்னொரு பாதையும் உண்டு. அந்தப் பாதையில்தான் நாங்கள் இருக்கிறோம். மழைக்காலத்தில் பெரிய பாதையில் மண் சரிந்து வண்டிகளைத் திருப்பி விட்டால் அன்றைக்கு எங்கள் ஊர்க் கடையில் டீ வியாபாரம் அமோகம்!

அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறேன் என்றதும் பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்ட கேள்வி இது: "ஏங் கண்ணு, வண்டி ஓட்டறதுக்கா மூணு வருஷம் படிக்கணும்?" ஓட்ட இல்லை தாத்தா, ரிப்பேர் பார்க்க என்றேன். "அதுக்கு ஸ்பேனர் போதுமே!" என்றார். தாத்தா சொன்னது அவர் காலத்துக்குச் சரி.

க்ரூஸ் கண்ட்ரோல் என்றால் என்ன? நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு வேகத்தைப் பிடித்து பொத்தானை அழுத்திவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். வண்டி தானாகவே அந்த வேகத்தில் போகும். பிரேக்கையோ கிளட்ச்சையோ தொட்டால் உடனே விலகிவிடும். பெரும்பாலான வண்டிகளில் மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குக் கீழே அது வேலையே செய்யாது. அப்படியானால் எங்கள் மலையில் அதற்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை! வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டிய இடத்தில் அதைத் தொடவும் கூடாது. சாதாரண க்ரூஸ் கண்ட்ரோல் பிரேக் போடாது. இறக்கத்தில் வண்டி செட் செய்த வேகத்தைத் தாண்டி ஓடும். மலை இறங்கக் குறைந்த கியரும் எஞ்சின் பிரேக்கிங்கும்தான் கதி. ஆக, என் ஊரில் யாருக்கும் பயன்படாத ஒரு வசதிதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்திருக்கிறது.

கண் தெரியாதவர் கொடுத்த கொடை

வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்துவது புதிய எண்ணம் அல்ல. 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் குண்டுகள் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் குறைந்தால் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். முதலாம் ஆண்டு தியரியில் நாம் படம் போட்டு மார்க் வாங்கினோமே, அதேதான்.

காருக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர். 1890-இல் பிறந்தவர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்படியும் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். 1936-இல் அந்நாட்டு வாகனப் பொறியாளர் சங்கத்துக்கே தலைவரானார். ஒருநாள் தன் வக்கீலோடு காரில் போயிருக்கிறார். வக்கீல் பேசும்போது வண்டி மெதுவாகப் போகும், கேட்கும்போது வேகமாகப் போகும். இப்படி இழுத்து இழுத்துப் போனதில் வெறுத்துப்போய்த்தான் இந்தக் கருவியை யோசித்தார் என்று சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் கார்களில் அது முதலில் வந்தது. வண்டியே ஓட்ட முடியாத ஒருவர், வண்டி ஓட்டும் எல்லோருடைய காலுக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறார். வேகம் மாறுவதை அவர் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, உடம்பால் தெரிந்துகொண்டார்.

பழைய வண்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு வேக்குவம் டப்பாவும் த்ராட்டிலை இழுக்கும் கேபிளும் இருக்கும். கேபிள் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்றைய வண்டிகளில் ஆக்சிலேட்டரே மின்சாரம்தான். எஞ்சின் கம்ப்யூட்டரே வேகத்தைப் பார்த்து, த்ராட்டிலையோ டீசலையோ கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. க்ரூஸ் கண்ட்ரோல் என்று தனியே கழற்றிக் காட்ட ஒரு பாகம் கிடையாது. ஸ்டியரிங்கில் சில பொத்தான், பெடலில் சில சுவிட்ச், வேகம் சொல்லும் சென்சார், இவற்றை எல்லாம் கேட்டு முடிவெடுக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதனால்தான் தாத்தாவின் ஸ்பேனர் போதவில்லை. கம்ப்யூட்டர் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நமக்கும் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கேன் டூல்.

பதினாலாயிரம் ரூபாய்

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குப் போனேன். அங்கே தலைமை மெக்கானிக்கை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐ.டி.ஐ. படித்தவர், அனுபவம் இருபது வருஷம். ஒருநாள் காலையில் ஒரு டீசல் கார் வந்தது. கியர் வண்டி, வயது ஏழு எட்டு இருக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி போய்வரும் ஒரு வியாபாரியின் சொந்தக் கார். மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர். க்ரூஸ் மெயின் பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் விளக்கு வருகிறது. ஆனால் செட் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு முன்பே வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங் சுவிட்ச் போய்விட்டது, அதற்குப் பின்னால் இருக்கும் சுருள் கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும், பதினாலாயிரம் ஆகும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். டிரைவர் தினமும் ஈரத்துணியால் ஸ்டியரிங்கைத் துடைப்பார். தண்ணீர் இறங்கித்தான் சுவிட்ச் கெட்டது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். மாதம் இரண்டாயிரமாகச் சம்பளத்தில் பிடிப்பது என்றும் பேச்சாகிவிட்டது.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர். ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னிடம் சொன்னார்: "தம்பி, ஈரத்துணியில தொடைச்சது நெசந்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதனாலதான் போச்சான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. தான் குற்றவாளியா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவரிடம் வழி இல்லை. மற்றவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

கோடு இல்லை என்றால் கோளாறு இல்லையா?

டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் பக்கம், பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். நம் நாட்டில் ஓ.பி.டி. முறை 2010-இல் முதல் கட்டமாகவும், 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் கார்களுக்கு வந்தது. பதினாறாம் பின்னில் பேட்டரி மின்சாரம், நான்கிலும் ஐந்திலும் எர்த், ஆறிலும் பதினான்கிலும் கேன் என்னும் தகவல் ஒயர்கள். டூலைச் செருகியும் உயிர் வரவில்லை என்றால் டூல் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள்!

அண்ணன் டூலை என் கையில் கொடுத்து, "நீ படி, நான் அமுக்கறேன்" என்றார். முதலில் பிழைக் குறியீடுகள். க்ரூஸ் கண்ட்ரோலோடு சம்பந்தப்பட்ட சில குறியீடுகளை நாம் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். பி 0500 என்றால் வேக சென்சார். பி 0571 என்றால் பிரேக் சுவிட்ச் சர்க்யூட். பி 0504 என்றால் இரண்டு பிரேக் சுவிட்சுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பி 0564 என்றால் ஸ்டியரிங் பொத்தான்களிலிருந்து வரும் சிக்னல். பி 0565 முதல் 0568 வரை முறையே ஆன், ஆஃப், ரெஸ்யூம், செட் சிக்னல்கள்.

எங்கள் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கோளாறு எதுவும் இல்லை என்று டூல் சொல்லிவிட்டது.

"கோடு இல்லையேண்ணே, அப்ப சுவிட்ச்தான் போச்சா?" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு பையன் கேட்டான். அண்ணன் சிரித்தார். "டூலு டாக்டர் இல்லடா, தெர்மாமீட்டர். காய்ச்சல் இருக்கா இல்லையான்னு சொல்லும். ஏன்னு நாமதான் பார்க்கணும்."

தோழர்களே, இதுதான் வகுப்பில் நாம் அவசரமாகத் தாண்டிவிடும் இடம். கம்ப்யூட்டர் எப்போது குறியீடு போடும்? ஒயர் அறுந்தாலோ, ஷார்ட் ஆனாலோ, நடக்க முடியாத ஒன்று நடந்தாலோதான் போடும். நடக்கக்கூடிய ஒன்று நடந்தால் அதற்கு அது கோளாறே அல்ல. குறியீடு இல்லாத இடத்தில்தான் லைவ் டேட்டா, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் விவரம், உதவிக்கு வருகிறது.

பார்க்க வேண்டியது மாற்றத்தை

லைவ் டேட்டாவைத் திறந்தால் நூறு வரி ஓடும். எல்லாவற்றையும் பார்த்தால் ஒன்றையும் பார்க்க முடியாது. வரி கூடக் கூடத் திரையில் மாறும் வேகமும் குறையும். அதனால் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்தோம்: மெயின், செட், ரெஸ்யூம், கேன்சல், பிரேக் ஒன்று, பிரேக் இரண்டு, கிளட்ச், வண்டி வேகம். மொத்தம் எட்டு வரி. சாவி ஆன், எஞ்சின் ஓடவில்லை, பெடல் எதிலும் கால் இல்லை.

அண்ணன் செட் பொத்தானை அழுத்தினார். திரையில் ஆன். விட்டார், ஆஃப். ரெஸ்யூம் அழுத்தினார், ஆன். விட்டார், ஆஃப். கேன்சலும் அப்படியே. இந்தப் பொத்தான்கள் பல வண்டிகளில் ஒரே ஒயரில்தான் பேசும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர் இருக்கும். வரும் வோல்டேஜைப் பார்த்து எந்தப் பொத்தான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். தண்ணீர் இறங்கிக் கெட்டிருந்தால் ஒன்றை அழுத்தினால் வேறொன்று வரும், அல்லது வருவதும் போவதுமாக இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் கச்சிதம்.

அடுத்தது சுருள் கேபிள். செட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பினார். எங்காவது உள்ளே அறுந்திருந்தால் திருப்பும்போது ஆன் என்பது ஆஃப் ஆகும். பத்து தடவை திருப்பினார். நான் கண் இமைக்காமல் பார்த்தேன். ஆன் ஆனாகவே இருந்தது. பதினாலாயிரம் ரூபாய் பாகங்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன! ஒரு ஸ்க்ரூவைக்கூட நாங்கள் கழற்றவில்லை.

பிறகு பெடல்கள். பிரேக் பெடலில் இரண்டு சுவிட்ச் தகவல் வரும். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று வைத்த ஏற்பாடு. மிதித்தபோது இரண்டும் மாறின, விட்டபோது இரண்டும் திரும்பின. சரி.

கிளட்ச் வரியில் ஆன் என்று இருந்தது. அண்ணன் மிதித்தார். ஆன். காலை எடுத்தார். அப்போதும் ஆன். கையால் பெடலை மேலே தூக்கிப் பிடித்தார். அப்போதும் ஆன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆன் என்றால் மிதித்திருக்கிறது என்றுதான் எல்லா வண்டியிலும் அர்த்தம் என்று நினைக்காதீர்கள். சில வண்டிகளில் சுவிட்ச் உள்ளே ஒட்டியிருப்பதை ஆன் என்று காட்டும். அது பெடலை மிதிக்காத நிலையாகவும் இருக்கலாம். அதனால் திரையில் உள்ள வார்த்தையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மிதித்தால் மாறுகிறதா, விட்டால் திரும்புகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மாற வேண்டியது மாறாமல் நின்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரிந்திருக்கிறது பாருங்கள். இந்த டிரைவர் சேலத்திலிருந்து சென்னை வரை கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறார்! கிளட்ச் மிதித்திருக்கும்போது க்ரூஸ் பிடிக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் அது பிடிக்கவில்லை. கிளட்ச்சை மிதிப்பது நடக்கக்கூடிய செயல்தானே, அதனால் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் குறியீடும் போடவில்லை. அது தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதன் காதில் விழுந்த செய்திதான் தப்பு.

தரையில் கிடந்த சாட்சி

"சுவிட்ச் மாத்திடலாமாண்ணே?" என்றேன். "முதல்ல லைட்டைப் புடி" என்றார்.

டார்ச் அடித்துப் பெடல் மேலே பார்த்தோம். கிளட்ச் சுவிட்சிலிருந்து ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பெடல் மேலே வந்து நிற்கும்போது பெடலில் உள்ள ஒரு ரப்பர் ஸ்டாப்பர் அந்தக் குச்சியை உள்ளே அழுத்தும். இந்த வண்டியில் அந்த ஸ்டாப்பர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை! குச்சி ஓட்டைக்குள் நுழைந்து நீட்டிக்கொண்டு நின்றது. கீழே மிதியடியைத் தூக்கினால் கறுப்பாக நாலைந்து துணுக்குகள். வருஷக்கணக்கான சூட்டில் காய்ந்து, இறுகி, பொடிந்து விழுந்திருக்கிறது. கிளட்ச்சிலேயே கீழ்ப்பக்கம் இன்னொரு சுவிட்ச் உண்டு, அது ஸ்டார்ட் செய்வதற்கானது. அது நன்றாக இருந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆவதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அண்ணன் விரலால் குச்சியை உள்ளே தள்ளினார். "என்ன காட்டுது?" "ஆஃப்ணே!" "விட்டா?" "ஆன்ணே!" சுவிட்சும் சரி, ஒயரும் சரி என்பது அந்த ஒரு தள்ளலில் நிரூபணம். பக்கத்துக் கடையில் ஸ்டாப்பர் வாங்கி வந்தேன். நூறு ரூபாய்க்குச் சில்லறை திரும்பி வந்தது.

பிறகு நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டூலைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. தனியாகப் போக நேர்ந்தால் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகு படியுங்கள். 70-இல் செட் செய்தார். பிடித்துக்கொண்டது. வண்டி வேகம் 69, 70, 71 என்று ஆடியது. மேம்பால ஏற்றத்தில் அண்ணன் கால் தரையில் இருக்க, எஞ்சின் தானே கொஞ்சம் முக்கி ஏறியது. பிறகு கிளட்ச்சை லேசாகத் தொட்டார், விலகியது. மறுபடி செட் செய்து பிரேக்கைத் தொட்டார், விலகியது. "புடிக்குதான்னு பார்க்கறது பாதி வேலை. விடுதான்னு பார்க்கறதுதான் முழு வேலை" என்றார் அண்ணன். இதை நம் லேப் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

யாருக்குக் காட்ட வேண்டும்?

மாலையில் முதலாளி வந்தார். அண்ணன் என்னை முன்னால் தள்ளி, "தம்பி, சாருக்குக் காட்டு" என்றார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன். பொடிந்த ரப்பர் துணுக்குகளைக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன். "அப்ப தண்ணி இறங்கினதால இல்லியா?" என்றார். "இல்லீங்க சார். அந்த சுவிட்ச் இன்னும் நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "சரி, வண்டிய எடு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் சம்பளப் பிடித்தம் என்ற பேச்சும் அதற்குப் பிறகு எழவில்லை.

வண்டியை எடுக்கும் முன் டிரைவர் என்னிடம், "தம்பி, எனக்கும் ஒருதரம் காட்டுப்பா" என்றார். சீட்டில் உட்கார்ந்து தானே கிளட்ச்சை மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். திரையில் ஆன், ஆஃப், ஆன், ஆஃப். நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். "இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு வார்த்தையும் வேற வேறன்னு தெரியுது" என்றார்.

எனக்கு அப்போது அம்மா நினைவு வந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மாலையானால் ஒவ்வொருவர் பறித்த பழத்தையும் தோட்டத்தில் எடை போடுவார்கள். ரைட்டர் எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் கூலி. அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. "இன்னிக்கு நேத்தவிட பாரம்" என்று தூக்கி வந்த தோளுக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் அஞ்சாவது படிக்கும்போது ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் நின்று முள் காட்டிய எண்ணைச் சத்தமாகப் படித்தேன். ரைட்டர் எழுதியதும் அதே எண்தான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அடுத்த நாளிலிருந்து வரிசையில் நின்ற அக்காமார்கள் எல்லாம், "எனக்கும் பார்த்துச் சொல்லு கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தில் இல்லை. தன் உழைப்பின் கணக்கைத் தன் பக்கத்து ஆள் ஒருவன் படித்துச் சொன்னால் ஒரு தைரியம்.

அந்த டிரைவர் கேட்டதும் அதைத்தான். தராசு முள்ளும் ஸ்கேன் டூல் திரையும் ஒன்றுதான். இரண்டும் பொய் சொல்லாது, ஆனால் வாய் திறந்து எல்லோரிடமும் பேசவும் செய்யாது. படிக்கத் தெரிந்தவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் கூலியும் சம்பளமும்.

நாம் செய்யக்கூடியது

தோழர்களே, நாளைக்கு நம்மில் பலர் சர்வீஸ் சென்டர்களில் நிற்போம். குறியீடு வந்தால் அந்தப் பெயருள்ள பாகத்தை மாற்று, வராவிட்டால் சந்தேகப்பட்டதை மாற்று என்று போவது சுலபம். அப்படி மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார். பல சமயம் அந்த யாரோ, கேள்வி கேட்கவே தெரியாதவர். நம் அப்பா அம்மா மாதிரி ஒருவர். ஆகவே பாகத்தைக் கழற்றும் முன், இது கெட்டிருக்கிறது என்பதற்கு என் கையில் என்ன சாட்சி என்று ஒருதரம் நம்மையே கேட்டுக்கொள்வோம். சாட்சி கிடைத்ததும் திரையை நம் பக்கமே வைத்துக்கொள்ளாமல் எதிரே நிற்பவர் பக்கம் திருப்புவோம். தமிழில் சொல்வோம்.

பழகுவதற்கு நாம் பெரிய கருவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்ன புளூடூத் அடாப்டரையும் நம் செல்போனையும் வைத்து எஞ்சின் சுற்று, வண்டி வேகம், த்ராட்டில், சூடு ஆகியவற்றைப் படிக்கலாம். ஆனால் க்ரூஸ் பொத்தான், கிளட்ச் சுவிட்ச் போன்றவை பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் தனி விவரங்கள். பொதுவான ஓ.பி.டி. பட்டியலில் அவை வராது, அதற்கு முழு ஸ்கேன் டூல்தான் வேண்டும். அது நம் லேபில் இருக்கிறது. நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு மணி நேரம், வகுப்பு முடிந்த பிறகு, ஐந்து ஐந்து பேராக அதைத் தொட்டுப் பழக ஆசிரியர்களிடம் அனுமதி வாங்கித் தாருங்கள். நாற்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தால் திரை தெரியாது, முன்னால் நிற்பவன் தலைதான் தெரியும்! ஐந்து பேர் என்றால் ஒருவர் அழுத்தலாம், ஒருவர் படிக்கலாம், ஒருவர் எழுதலாம்.

முதல் வாரம் பிரேக், கிளட்ச் சுவிட்சுகளிலிருந்தே தொடங்கலாம். மிதித்தால் என்ன, விட்டால் என்ன என்று ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதினால் போதும். அந்தத் தாளை முதலில் எழுதிக் கொடுக்க நான் தயார். வருகிறவர்கள் மன்ற அறையில் பெயர் கொடுங்கள்.



— இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு